மதுரையில் பாலம் கேட்கப் போன நாட்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் லாரி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினேன். வேலையிலிருந்து நின்ற பிறகு எங்கள் குடியிருப்பிலுள்ள முருகன் கோயிலில் விளக்குத் துடைத்து, அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் காலம் போகிறது. வேறு நாட்டுக்காரன் வந்து மதுரைக்காரர்களுக்குப் பாடம் சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், இதற்குள் ஒரு வீட்டின் துக்கம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பாண்டி, என் மனைவி லெட்சுமியின் தம்பி. போன தைப்பூசத்தன்றுதான் அவர் போனில், "எழுதுங்க மச்சான்" என்றார். முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் திருப்பரங்குன்றத்தில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். அதைச் செலுத்தத்தான் நானும் லெட்சுமியும் அந்தத் தை மாதம் மதுரைக்குப் போனோம். பாண்டியின் மனைவி ராணிக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவளைப் பார்ப்பதும் எங்கள் நோக்கம்.

பாண்டி வீடு காளவாசலுக்கு மேற்கே இருக்கிறது. முன்பு அது தனி ஊராட்சி. பிறகு மாநகராட்சியோடு சேர்ந்தது. தெருவுக்குப் பள்ளத்தெரு என்று பெயர். வாடகைக் கார் ஒரு வாய்க்கால் ஓரம் வந்து நின்றுவிட்டது. "இதுக்கு மேல ஏரோப்பிளேன்லதான் போகணும் அண்ணே" என்றார் டிரைவர். வாய்க்காலின் மேலிருந்த பழைய சிறுபாலம் இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் சரிந்துவிட்டிருந்தது. தெருக்காரர்கள் இரண்டு சிமென்ட் மின்கம்பங்களைப் படுக்கப் போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அதைக் கடந்தோம். கீழே கறுப்புத் தண்ணீர். லெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முருகா முருகா என்று நடந்தாள்.

வாசலில் ராணி நின்றிருந்தாள். முகம் ஊதி, கால் வீங்கி, கையில் ஊசி போட்டுத் தடித்த நரம்பு. ஆனாலும் சிரித்தாள். "மதினி, ஃபாரின் சேலையோட சாக்கடை தாண்டுற மொத ஆளு நீங்கதான்!"

மறுநாள் காலையில்தான் அந்தப் பாலம் இல்லாததன் அர்த்தம் புரிந்தது. ராணிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோ தெருவுக்குள் வராது. பலகை மேல் நடந்தால் அவளுக்குத் தலை சுற்றும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, முன்னால் பாண்டியும் பின்னால் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக் கடத்துகிறார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டதால் நான் பிடித்தேன். லாரியில் மூட்டை ஏற்றிய கை. அப்படியும் பலகையின் நடுவில் நின்று பிடியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மீனாச்சியம்மன்கூட இம்புட்டு தடவ பல்லக்குல போயிருக்க மாட்டா அண்ணே" என்றாள் ராணி, மேலே இருந்தபடி.

"பேசாம உக்காரு தாயி. நீ பேசப் பேச நாக்காலி ஆடுது" என்றார் பாண்டி.

ஆஸ்பத்திரி காளவாசல் பக்கம். உள்ளே அவள் படுத்திருக்கும் நேரமெல்லாம் நானும் பாண்டியும் வெளியே நின்றோம். பசியாறப் போனோம். எங்கள் ஊரில் காலை ஆகாரத்துக்குப் பசியாறுதல் என்று சொல்வோம். அதைக் கேட்டுக் கடைக்காரர், "பசி ஆறுறதுக்குத்தான அண்ணே கடையே போட்டுருக்கோம்" என்றார். இலையில் இட்லி விழுந்ததும் நாலு விதச் சட்னியை ஊற்றிக்கொண்டே போனார். கையை மறித்தால்தான் நிறுத்தினார். எங்கள் ஊரில் ரொட்டிக்கு ஒரு கிண்ணம் குழம்பு வைப்பார்கள். இரண்டாவது கிண்ணம் கேட்கக் கூச்சமாக இருக்கும். பிறகு பருத்திப்பால் வாங்கித் தந்தார் பாண்டி. சுக்கும் கருப்பட்டியுமாக நெஞ்சுக்கு இதமாக இருந்தது. பாதி குடித்தபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ராணி ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொள்வாள். மீதியைக் குடித்துவிட்டேன், ஆனால் ருசி தெரியவில்லை.

"பாலத்துக்கு எழுதிக் குடுத்தீங்களா மாப்ள?" என்று கேட்டேன்.

பாண்டி, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். "செய்வாக மச்சான். தெரியாமயா இருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு வந்தார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்துக்குப் பகுதி சபைப் பிரதிநிதி. குடியரசு தினத்தை ஒட்டிப் பகுதி சபை கூடப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். எனக்கு அது என்னவென்று தெரியாது. கேட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் ஓட்டு உள்ள யாரும் சபையில் உட்காரலாம், பேசலாம். கவுன்சிலர் தலைமை. எந்த வேலை வேண்டும், எது முதலில், எது பிறகு என்று சபை முடிவு செய்து தீர்மானமாக எழுதினால், அது வார்டு குழுவுக்குப் போகும். அங்கிருந்து மண்டலத்துக்கு. பங்குனியில் மாநகராட்சி பட்ஜெட் வைப்பதற்குள் அது போய்ச் சேர்ந்தால், எடுத்துக்கொள்ள வழி உண்டு. "கட்டாயம் செய்வாகன்னு நான் சொல்லல சார். ஆனா எழுதாததை யாரும் செய்ய முடியாதுல்ல."

எங்கள் ஊரில் மாநகராட்சி மாதிரியான நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். வீட்டு வரி கட்டப் போனதைத் தவிர அந்தக் கட்டடத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. இங்கே ஓட்டும் இருக்கிறது, சபையும் இருக்கிறது.

"அப்படியானால் போன வருடமே கேட்டிருக்கலாமே?"

டீச்சர் பாண்டியைப் பார்த்தார். பாண்டி எழுந்து போய்விட்டார். ராணிதான் சொன்னாள். "போன வருசம் சபை நடந்துச்சுண்ணே. கவுன்சிலரம்மா மொத தடவ நம்ம பகுதிக்கு வந்தாக. சோலை அண்ணன் மேளம் சொல்லிட்டாரு. மால, சால்வ, எலுமிச்சம்பழம். தெருவுக்கு ஒரு ஆளு மரியாத செஞ்சாக. போட்டோ எடுத்தாக. எல்லாம் முடிஞ்சப்ப அவுக வேற கூட்டத்துக்குப் போற நேரம் ஆயிருச்சு."

"பாலத்தை யாரும் சொல்லவில்லையா?"

"மாலையப் போட்ட கையோட கொற சொல்லுவாகளாண்ணே?"

டீச்சர் மெல்லச் சொன்னார். "தீர்மானம் எழுத வந்த எழுத்தர் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு தடவ கேட்டாரு, கோரிக்கை இருக்கான்னு. கூட்டமே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கடைசியில 'பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர்'னு எழுதினாரு. வேற என்ன எழுதுவாரு?"

சோலை அண்ணன் என்பவர் பள்ளத்தெருக் கோயில் கமிட்டித் தலைவர். கெட்டவர் இல்லை. சாமிக்கு எப்படியோ மனிதருக்கும் அப்படியே என்று நினைப்பவர். அபிஷேகம் செய்தால் போதும், மனதில் இருப்பதைச் சாமி அறியும். நானும் அப்படியே வளர்ந்தவன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பால்குடம் எடுத்தேன். மலைக்கு முன்னால் குளிர்காற்று. முருகன் தெய்வானையோடு இருக்கிற குகைக்குள் போனதும் கண் இருட்டி, பிறகு தீப வெளிச்சம் தெரிந்தது. மகளுக்காக நன்றி சொன்னேன். ராணிக்காகக் கேட்க வாயெடுத்தேன். என்ன கேட்பது? குணமாக்கு என்பதா, அவளுக்குக் கஷ்டமில்லாமல் ஆக்கு என்பதா? ஒன்றும் சொல்ல வரவில்லை. அப்பனே, உனக்குத் தெரியும் என்று நின்றேன். குருக்கள் விபூதி கொடுத்து நகரச் சொன்னார். படியிறங்கும்போது நினைத்தேன்: முருகனிடம் சொல்லாமல் நிற்கலாம். பேனாவைத் திறந்து வைத்திருக்கும் அந்த எழுத்தரிடம் சொல்லாமல் நின்றால் அவர் பாவம் என்ன செய்வார்?

அடுத்த நாள் லெட்சுமியின் பெரியம்மா வீட்டுக்குத் திருமங்கலம் போனோம். திரும்பும்போது ஒரு கூத்து. காளவாசல் போகுமா என்று கேட்டேன். கண்டக்டர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்கிற ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பஸ் ஊருக்குள் திரும்பாமல் நாலுவழிச் சாலையிலேயே பறந்தது. சத்தம் போட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் கரிசல் காடும், பாதி கட்டின வீடுகளும். வெயில் மண்டையைப் பிளந்தது. லெட்சுமி என்னைப் பார்த்த பார்வை அதைவிடச் சூடு.

அப்போது தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சின்ன லாரி நின்றது. டிரைவர் கொட்டாம்பட்டிக்காரர். "எனக்குச் சுத்துத்தான். இருந்தாலும் ஏறுங்க, அக்கா மொகத்தப் பாத்தா பாவமா இருக்கு. உங்க மொகத்தப் பாத்தா இன்னும் பாவமா இருக்கு" என்றார். நானும் லாரி ஓட்டினவன் என்றதும் கியரைப் பற்றி, டயரைப் பற்றிப் பேச்சு ஓடியது. ஊராட்சியாக இருந்து டவுனோடு சேர்ந்த தெருவைப் பற்றி, விழுந்த பாலத்தைப் பற்றி, மாலை போட்டே முடிந்துபோன சபையைப் பற்றியும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க ஊர்க் கிராமசபையில வந்து பாருங்கண்ணே. தண்ணித் தொட்டிக்கு எங்க அத்தை ஒருத்தியே மைக்கப் பிடிச்சு அம்புட்டுப் பேரையும் உக்கார விடல. உங்க ஆளுகளும் ஊராட்சியில இருந்தவுகதான? டவுனோட சேந்தா வாயையும் கழட்டிக் குடுத்துருவாகளா?"

அதை அப்படியே போய் ராணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தடித்த நரம்பைத் தடவினாள். "நெசந்தான்ணே. ஊராட்சியா இருந்தப்ப நானே ரெண்டு தடவ கத்தியிருக்கேன்" என்றாள்.

அன்று மாலை சோலை அண்ணன் வந்தார். சபைக்கு மேளம் சொல்லியாயிற்று, யார் யார் சால்வை போடுவது என்று பேச. ராணி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"சோலண்ணே, இந்த வருசம் நான் வாரேன். நான்தான் பேசுவேன்."

"நீயா? ஒடம்பு இருக்குற இருப்புக்கு ஒனக்கு எதுக்கு ஆத்தா? நாங்க மரியாத செஞ்சு, போகும்போது காதுல போட்டு வைக்கிறோம்."

"காதுல போட்டா காத்துல போயிரும். சபையில சொன்னாத்தான் எழுதுவாகளாம். டீச்சர் சொன்னாக."

"நம்மளத் தேடி வந்த கவுன்சிலர்ப் பிள்ளைய நிக்க வச்சுக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?"

"கேள்வி கேக்கல. கேக்க வேண்டியதக் கேக்குறேன்."

சோலை அண்ணன் போன பிறகு பாண்டி, "விழுந்துட்டா என்ன புள்ள பண்றது?" என்றார். ராணி, "நீங்க தூக்குவீக" என்றாள். அவர் நாற்காலியின் கால்களை ஆட்டிப் பார்க்கப் போனார்.

சபை நாளுக்கு முந்தின நாள் டயாலிசிஸ். அதனால் சபையன்று அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். காலையில் நாற்காலியோடு கடத்தி, அதே நாற்காலியில் ரேஷன் கடைக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தோம். நானும் லெட்சுமியும் கடைசி வரிசை. எங்களுக்கு அங்கே பேச உரிமையில்லை. நான் சட்டைப்பையிலிருந்த விபூதியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கவுன்சிலர் அம்மா சின்ன வயது. மேளம் அடித்தார்கள். சோலை அண்ணன் தட்டோடு முன்னால் போனார். சிவப்புச் சால்வையைப் பிரிக்கும்போது ராணி சத்தமாக, "சோலண்ணே, அந்தச் சால்வைய எனக்குப் போடுங்க, குளிருது" என்றாள். கூடம் சிரித்தது. கவுன்சிலர் அம்மாவும் சிரித்து, சால்வையை வாங்கி, தானே இறங்கி வந்து ராணிக்குப் போர்த்திவிட்டார். "சொல்லுங்கக்கா" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

ராணி எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"பள்ளத்தெருவுக்குப் போற வாய்க்கால் பாலம் விழுந்து கெடக்குதும்மா. அத இந்த வருச பட்ஜெட்டுல சேக்கணும். சபைத் தீர்மானத்துல மொதல்ல எழுதணும்."

மேட்டுத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் எழுந்தார். அவர்கள் தெரு முக்குக்கு உயரக் கம்ப விளக்கு கேட்க வந்திருந்தார்கள். "அந்தத் தெருவுல எம்புட்டு வீடு இருக்கு? ஒரு ஆளு ஆஸ்பத்திரி போறதுக்காக ஒரு பாலமா?"

பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். ராணி அந்த மனிதரைத்தான் பார்த்தாள்.

"எனக்காகக் கேக்கலண்ணே. நான் எம்புட்டு நாளு இருப்பேன்னு டாக்டருக்கே தெரியாது. பாலம் எனக்குப் பொறகும் கெடக்கும். எங்க தெருவுல ரெண்டு பிள்ளத்தாச்சி இருக்கு. வலி எடுத்தா அதுகள யாரு நாக்காலியில தூக்குறது? நீங்க வருவீகளா?"

டீக்கடைக்காரரின் மனைவி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. வெளக்கு இல்லைன்னா டார்ச்ச அடிச்சுக்கிட்டு நடப்போம்." அந்த அம்மாதான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. டீக்கடைக்காரர் கடைசியில் காதைச் சொறிவதுபோல் கையைத் தூக்கினார். சோலை அண்ணன் காலித் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். பாலம் முதல், விளக்கு இரண்டாவது என்று முடிவானது.

எழுத்தர் எழுதி முடித்தார். ராணி விடவில்லை. "வாசிச்சுக் காட்டுங்க சார்." அவர் வாசித்தார்: வாய்க்கால் பணி. "எந்த எடம்னு போடுங்க சார். அரசமரத்துக்குக் கெழக்க. ஆம்புலன்ஸ் போற அகலம்னு போடுங்க." அவர் முகம் சுளிக்காமல் சேர்த்து எழுதி, மறுபடி வாசித்தார். அப்புறம்தான் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. லெட்சுமி ஓடிப்போய் டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். அன்றைய கணக்கில் அது உண்டா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

சில நாளில் நாங்கள் ஊர் திரும்பினோம். பங்குனியில் ஸ்டெல்லா டீச்சரின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. பட்ஜெட்டில் பள்ளத்தெருப் பாலம் பற்றிய வாசகத்தை வாசித்துக் காட்டியிருந்தார். அரசமரமும் அதில் இருந்தது. லெட்சுமி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன்.

வேலைக்கு டெண்டர் விட்டு ஆள் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அந்த ஆடியில் ராணி போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளைப் பலகை மேல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களால் போக முடியவில்லை. பாலம் ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டி முடிந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு முதல் ஆம்புலன்ஸ் அதன்மேல் போனது என்று டீச்சர் சொன்னார்.

பாண்டி வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேசினாலும் மழை, வெயில் என்று இரண்டு வார்த்தை. அடுத்த தையில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"மச்சான், இன்னிக்குச் சபை. நான் எந்திரிச்சுப் பேசுனேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "என்ன மாப்ள கேட்டீங்க?"

"சுடுகாட்டுல ஒரு தண்ணிக் கொழா. அவளக் கொண்டு போனப்ப காரியம் முடிச்சுக் கை கால் கழுவத் தண்ணி இல்ல மச்சான். கொடத்துல கொண்டு போனது பத்தல. இனிமே வர்ற ஆளுகளுக்காச்சும் இருக்கட்டும்னு கேட்டேன். வடக்குச் செவுத்து ஓரம்னு எடத்தச் சொன்னேன். எழுதுனத வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் உக்காந்தேன்."

போனை லெட்சுமியிடம் கொடுத்தேன்; அவள் தம்பியை எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வைத்துக் கேட்டாள்.

இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் தெருக்காரர்களுக்கு அனுப்புங்கள். சபை கூடுகிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே அனுப்புங்கள். இது மனதை வருத்துகிறதே என்று, பாலத்தின் மேல் ராணி சிரித்துக்கொண்டு போனாள் என்று யாரும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டாம். அவள் போகவில்லை. போகமாட்டோம் என்று தெரிந்துதான் கேட்டாள்.